பழைய சைக்கிளைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

வெங்காயம் கிண்டி விற்று முடிந்ததும், அல்லது காலபோக நெல்லு வெட்டி ஏற்றியதும், இடம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரு கதை தொடங்கும். "இந்தச் சைக்கிளை இனி வைச்சிருந்து சரிவராது, வித்துப்போட்டுப் புதுசு ஒண்டு எடுப்பம்" என்பான் மகன். "றலிச் சைக்கிளின்ரை பிறேம் மாதிரி இப்ப ஆர் செய்யிறான்? செயினையும் ரயரையும் மாத்தினால் இன்னும் பத்து வருசம் ஓடும்" என்பார் தகப்பன். தாயோ ஒன்றும் பேசாமல், கடையில் நிற்கும் பசளைக் கடனையும் பிள்ளைகளின் கொப்பிக் காசையும் மனத்துக்குள் கூட்டிக்கொண்டிருப்பாள். மூன்று நாலு நாள் நீளும் இந்தக் கதை சில வீடுகளில் கோபதாபத்தில் முடிவதும் உண்டு.

ஒரு சைக்கிளைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். சொந்தக் காணியில் வீடும், வீட்டு வாசலில் கிணறும் உள்ளவருக்குச் சைக்கிள் ஒரு வசதி. குடியிருப்பு ஓரிடம், தோட்டம் இன்னோரிடம் என்று வாழ்கின்ற எமக்கு அது ஒரு உறுப்பு. அது ஒரு கிழமை கடையில் நின்றால் ஒரு கிழமை தண்ணீர் மாறுவது பிந்தும். அது நடுவழியில் முறிந்தால் கொண்டுபோன மரக்கறி வாடும். எனவே திருத்துவதா வாங்குவதா என்ற கேள்வியை ஆசையாலும் வெறுப்பாலும் தீர்க்காமல், கணக்குப் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்பதே எமது கருத்து.

எமது முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பிறேம் நல்லதாக இருக்கும் பழைய சைக்கிளைப் படிப்படியாகத் திருத்தி மேம்படுத்துவதே எம்மில் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். சில குடும்பங்கள் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அவர்கள் அதற்குத் தயங்கக் கூடாது. ஆனால் சைக்கிள் பழுதாகிவிட்டது என்ற காரணத்துக்காக மாதத் தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுப்பதை மட்டும் பத்துத் தரம் யோசிக்க வேண்டும்.

சைக்கிள் எமக்கு என்ன செய்தது என்பதை இளையவர்களுக்கு ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமற் போன காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. மின்சாரம் இல்லாத வீடுகளில் சைக்கிளை நிறுத்தி உழக்கி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, ஏறி ஓட இடமில்லாத சனநெருக்கத்தில், சைக்கிளின் பாரிலும் கரியரிலும் வீட்டைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர்கள் நாம். 2009 இல் வன்னியின் கடைசி மண்ணில் ஆயிரக்கணக்கான சைக்கிள்களைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்ததும் நாம்தான். பின் 2022 இல் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா வரை ஏறி, அதற்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், மூலையில் கிடந்த சைக்கிளைத் துடைத்து எடுத்தவர்கள் தோட்டத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் புதுச் சைக்கிளும் உதிரிப்பாகமும் விலை ஏறியதையும் நாம் கண்டோம். திருத்தத் தெரிந்தவனுக்கு அந்த வருடம் ஒரு பாடம். எறிந்துவிட்டவனுக்கு இன்னொரு பாடம்.

இனி விடயத்துக்கு வருவோம். முதலில் கேட்க வேண்டியது சைக்கிளைப் பற்றிய கேள்வி அல்ல, வேலையைப் பற்றிய கேள்வி. இந்தச் சைக்கிளை யார் ஓடுகிறார்? எவ்வளவு தூரம்? என்ன பாரம்? மல்லாகம், சுன்னாகம் பக்கம் இருந்துகொண்டு வடக்கே விடுபட்ட காணியில் தோட்டம் செய்யும் ஒருவர் போக 8 கிலோமீற்றர், வர 8 கிலோமீற்றர் ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 300 நாள் போனால் 4,800 கிலோமீற்றர். பெரிய சில்லுப் பழைய சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 6 மீற்றர் போகும். அப்படியானால் அவருடைய கால்கள் வருடத்துக்கு 8 இலட்சம் சுற்று உழக்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது பலம் வீணானால் அது யாருடைய பலம்? காலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டிய அதே உடம்பின் பலம்தான். கறள் பிடித்த செயினும் காற்றுக் குறைந்த ரயரும் வைத்துக்கொண்டு "ஓடுதுதானே" என்று சமாதானம் சொல்வது சிக்கனம் அல்ல.

அடுத்து, சைக்கிளைக் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது பிறேமையும் முன் போர்க்கையும். குழாய்கள் வந்து பொருந்தும் இடங்களில், முக்கியமாகக் காண்டிலுக்குக் கீழேயும் பெடல் அச்சுப் போகும் இடத்திலும், மயிர்க்கோடு போல் வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். அந்த இடங்களில் பெயின்ற் வெடித்துக் கறள் வழிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். வெடித்த பிறேமுக்கு வெல்டிங் பிடித்து ஓடுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். மெல்லிய குழாயில் கடும் சூடு பட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். 50 கிலோ உரப்பையோடு போகும்போது போர்க் முறிந்தால் போவது சைக்கிள் மட்டுமல்ல.

பிறேம் நேராகவும் வெடிப்பில்லாமலும் இருந்தால் மற்றவை எல்லாம் மாற்றக்கூடியவை. செயினுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பிள்ளையின் அடிமட்டத்தை எடுத்து, செயினின் ஒரு ஆணியின் நடுவில் 0 வைத்துப் பிடியுங்கள். அதிலிருந்து எண்ணிவர 24 ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, தாண்டி நின்றால் செயின் தேய்ந்து நீண்டுவிட்டது. அது பின் பிறீவீல் பற்களையும் தின்றிருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பிறீவீலில் புதுச் செயினைப் போட்டால் அது பற்களில் இருந்து வழுகும், காசும் வீண். வீசில் ஒன்று தாண்டியவுடனேயே செயினை மட்டும் மாற்றிவிட்டால் பிறீவீல் பிழைக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். 16 இல் ஒரு பங்கைத்தான் எமது பெரியவர்கள் வீசம் என்பார்கள்.

சில்லைத் தூக்கிச் சுழற்றி, பிறேக் கட்டைக்குப் பக்கத்தில் றிம் ஆடுகிறதா என்று பாருங்கள். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் நெரித்தால் தளர்ந்தது தெரியும். சில்லைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கோன் தளர்ந்தது தெரியும். கோன் இறுக்குவதும் புதுக் கிறீஸ் வைத்து போல்ஸ் மாற்றுவதும் பெரிய செலவில்லை. றிம் கறளால் அரித்து மெலிந்திருந்தால் மட்டும் செலவு கூடும்.

இவ்வாறு பார்த்தபின் மாற்ற வேண்டியவற்றை ஒரு கடதாசியில் எழுதி, கடையில் விலை கேட்டுக் கூட்டுங்கள். எமது கணக்கு இதுதான். மொத்தச் செலவு, அதே வேலைக்குப் பொருத்தமான புதுச் சைக்கிளின் விலையில் அரைவாசிக்குக் குறைவாக இருந்தால் திருத்துங்கள். அரைவாசிக்கு மேற்பட்டால் புதிதைப் பற்றி யோசியுங்கள். பிறேம் வெடித்திருந்தால் யோசிக்கவே தேவையில்லை. அதில் கழற்றக்கூடிய நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு புதிது வாங்குங்கள்.

திருத்துவதென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இதுவே பழைய சைக்கிளின் பெரிய இலாபம். புதுச் சைக்கிளின் காசு முழுவதும் ஒரே நாளில் போகிறது. பழைய சைக்கிளின் செலவை அறுவடைக்கு அறுவடை பிரித்துப் போடலாம். ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் பிறேக். இரண்டாவது ரயர், ரியூப். மூன்றாவது செயினும் பிறீவீலும். நாலாவது வெளிச்சம். சீற்றும் பெயின்றும் கடைசி. எம்மில் சிலர் முதலில் பெயின்ற் அடித்து, மட்காட்டில் படம் ஒட்டி, பிறேக் கட்டை தேய்ந்த சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போவதைக் காணும்போது மனம் பதறுகிறது. மாரியில் நனைந்த இரும்பு றிம்மில் நல்ல பிறேக்கே தாமதித்துத்தான் பிடிக்கும். தேய்ந்த கட்டை பிடிக்கவே பிடிக்காது. மழையில் போகும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னரே மெதுவாகப் பிடித்து, றிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 களில் எமது வீதிகளில் சைக்கிளுக்கு எதிரி குண்டும் குழியும்தான். இப்போது வீதிகள் கறுப்பாகவும் நேராகவும் இருக்கின்றன, வாகனங்கள் பறக்கின்றன. விடிய 4 மணிக்குச் சந்தைக்கு மரக்கறி கட்டிக்கொண்டு போகும் ஒருவர் பின்னால் சிவப்புத் தெறிப்பானும் முன்னால் ஒரு விளக்கும் இல்லாமல் போவது தன்னைத் தானே பலி கொடுப்பதாகும். பழைய டைனமோவில் இப்போதைய எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினால் குறைந்த உழக்கலிலும் நல்ல வெளிச்சம் வரும்.

மேம்படுத்துவது என்று வரும்போது நாம் முதலில் சிபாரிசு செய்வது பின் பிறீவீலைத்தான். எமது பழைய சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னுக்கு 48 அல்லது 44 பல்லும், பின்னுக்கு 18 பல்லும் இருக்கும். இது வெறுஞ் சைக்கிளில் தார் றோட்டில் ஓடுவதற்குச் சரி. சோளகக் காற்றுக்கு எதிரே பாரத்தோடு உழக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். பின்னுக்கு 20 பல்லுப் பிறீவீல் போட்டால் உழக்கும் பலத்தில் 10 இல் ஒரு பங்கு குறையும். வேகமும் அந்தளவு குறையும்; ஆனால் பாரம் கட்டுபவருக்கு வேகம் எதற்கு? பின் சில்லைச் சற்று முன்னே இழுத்தால், அல்லது செயினில் கண்ணி கூட்டினால் காரியம் முடிந்தது. எப்படியும் மாற்ற வேண்டிய பாகம் என்பதால் புதுச் செலவும் பெரிதாக இல்லை. அத்துடன் தடித்த கம்பியில் செய்த கரியரும், பாரம் ஏற்றும்போது சரியாத இரட்டைக் கால் ஸ்டாண்டும் போட்டால் பழைய சைக்கிள் ஒரு சிறு வண்டியாகிவிடும்.

புதிதாக வாங்க வேண்டியவர்கள் யார்? பிறேம் முறிந்தவர்களைச் சொல்லிவிட்டோம். இரண்டாவது, ஓடுபவர் மாறிய குடும்பங்கள். இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். போரின் பின் எமது பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களைத் தாய்மாரே தலைமை தாங்கி நடத்துகிறார்கள். கணவன் ஓடிய பார் வைத்த உயரச் சைக்கிளைச் சேலையோடு ஏறி இறங்க முடியாமல் தள்ளிக்கொண்டே மூன்று மைல் நடக்கும் தாய்மாரை நாம் பார்க்கிறோம். ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், "அது அவற்றை சைக்கிள்" என்கிறார்கள். அந்தப் பதிலுக்கு முன் நாம் என்ன நியாயம் பேசுவது? ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சைக்கிளை விற்கத் தேவையில்லை. அது வீட்டில் நிற்கட்டும், மகன் வளர்ந்து ஓடட்டும். ஆனால் அவர் விட்டுச்சென்ற தோட்டத்தையும் பிள்ளைகளையும் பார்க்கும் அம்மாவுக்குத் தன் உயரத்துக்கு ஏற்ற, பார் இல்லாத ஒரு சைக்கிள் வேண்டும். அது ஆடம்பரம் அல்ல. அயலவர் என்ன நினைப்பார்கள் என்று அவர் அஞ்ச வேண்டியதும் இல்லை. உதவி வழங்கும் நிறுவனங்களும் இதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவுச் சைக்கிளைக் கொடுத்துப் படம் எடுத்தால் பாதிச் சைக்கிள் தாழ்வாரத்தில்தான் நிற்கும்.

மூன்றாவது, ஒரு சைக்கிளுக்கு மூன்று பேர் காத்திருக்கும் வீடுகள். தகப்பன் தோட்டத்துக்குப் போனால் பிள்ளை பள்ளிக்கு நடக்க வேண்டும் என்றால், இருப்பதைத் திருத்தி இன்னொன்றும் வாங்குவதே சரி.

வாங்கும்போது கடையில் மினுக்கும் கியர்ச் சைக்கிளைப் பார்த்து மயங்க வேண்டாம். கியர் நல்லதுதான். ஆனால் மலிவான கியரும் முன்னால் துள்ளும் ஸ்பிறிங் போர்க்கும் மணலிலும் செம்பாட்டுப் புழுதியிலும் விரைவில் பழுதாகும். அவற்றின் பாகம் எல்லாக் கடைகளிலும் கிடைக்காது. சைக்கிள் கடைக்காரரிடம் "இதின்ரை சாமான் உங்களிட்டை இருக்குதோ?" என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். பழைய சைக்கிள் வாங்குவதானால் பிறேமில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பார்த்து, விற்பவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கி வையுங்கள். களவுச் சைக்கிளை மலிவுக்கு வாங்கினால் காசும் போகும், மானமும் போகும்.

இனி மோட்டார் சைக்கிள். இளைஞர்களின் ஆசையை நாம் ஏளனம் செய்யவில்லை. தினமும் 30, 40 கிலோமீற்றர் போய் மீனோ மரக்கறியோ விற்று அன்றாடம் காசு காண்பவருக்கு அது பொருத்தமானது. ஆனால் தோட்டக்காரனின் வருமானம் அறுவடைக்குத்தான் வருகிறது. தவணையோ மாதம் தவறாமல் வருகிறது. இந்தப் பொருந்தாமையில்தான் எத்தனையோ குடும்பங்கள் விழுந்தன. வட்டியையும் விளங்கிக்கொள்ள வேண்டும். முழுக் கடனுக்கும் முழுக் காலத்துக்கும் 12 வீதம் என்று கணக்கிட்டு, 3 வருடத்தில் மாதா மாதம் கட்டச் சொன்னால், நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைகிறது, வட்டி குறைவதில்லை. உண்மையில் நீங்கள் கொடுப்பது 21 வீதம் அளவான வட்டி. அதற்கு மேல் பெற்றோல், காப்புறுதி, வரிப்பத்திரம், திருத்தம். மூன்று தவணை தவறினால் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். மாதத் தவணைக்கும் பெற்றோலுக்கும் போகும் காசை 6 மாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். வைக்க முடிந்தால் அந்தக் காசே முற்பணமாகும். வைக்க முடியாவிட்டால் தவணையும் கட்ட முடியாது என்பது கடன் எடுக்காமலே தெரிந்துவிடும்.

இவை ஒவ்வொரு வீடும் செய்யக்கூடியவை. கூட்டாகச் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு முழுத் திருத்தும் சாமான் தொகுதி, அதாவது கோன் சாவிகள், செயின் கழற்றி, கம்பிச் சாவி, பம், ஒட்டுச் சாமான், ஒரு வீட்டுக்கு வாங்கப் பெரிது. 25 வீடுகள் சேர்ந்தால் சிறிது. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ அதை வாங்கி வைத்து, கைதேர்ந்த ஒரு பெரியவரைக் கொண்டு பெண் பிள்ளைகள் உட்பட நாலைந்து இளையவர்களுக்குப் பழக்கலாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். செயினைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுவதும், காற்றுப் பார்ப்பதும், பிறேக் கட்டை மாற்றுவதும் கடைக்குப் போகாமலே செய்யக்கூடிய வேலைகள். என்ஜினில் இருந்து கழித்த எண்ணெயைச் செயினுக்கு விடாதீர்கள். அது மண்ணைப் பிடித்து அரைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஒரு கமக்காரன் தன் காணிக்குப் போக நாளுக்கு 16 கிலோமீற்றர் உழக்க வேண்டியிருப்பது இயல்பான நிலை அல்ல. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களில் சிலர் இன்னும் தம் காணிக்குள் கால் வைக்கவில்லை. காணி விடுபட்டவர்களிலும் வீடும் கிணறும் இல்லாததால் திரும்பிப்போய் இருக்க முடியாதவர்கள் உண்டு. நல்ல சைக்கிள் கிடைத்துவிட்டதால் தூரம் குறைந்துவிட்டது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அந்தக் கோரிக்கையை நாம் விடவும் கூடாது. ஆனால் அந்த நாள் வரும்வரை தோட்டம் தரிசாகக் கிடக்க முடியாது. நாளைக்கும் விடியப் போக வேண்டும், பின்னேரம் திரும்பி வர வேண்டும்.

ஆகவே இந்த அறுவடைக் காசு கைக்கு வருமுன், இந்த ஞாயிற்றுக்கிழமையே சைக்கிளைக் கழுவி முற்றத்தில் நிறுத்துங்கள். தகப்பனும் மகனும் தாயும் கூடி நின்று பாருங்கள். பிறேமைத் தடவிப் பாருங்கள், செயினை அளந்து பாருங்கள், கடதாசியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு கதையுங்கள். கணக்கு முன்னால் இருந்தால் கோபத்துக்கு இடம் குறையும்.